சொல்லிசைப் பாடல்களுள் தரம் காணுதல்

1. தோற்றுவாய்

கற்போர் கூடுமிடங்களில், 'இவற்றுள் எது சிறந்தது?' என்னும் வினா எழுதல் இயல்பேயாம். கம்பர் பெரியரோ இளங்கோ பெரியரோ என்று முன்னோர் வாதிட்டனர். இந்நாளில் மாணவர் வாதிடும் பொருள் வேறாயினும், வாதிடும் ஆர்வம் அதுவே. சில திங்களுக்கு முன், மழை விடாது பெய்த மாலையொன்றில், நம் விடுதி நண்பர் சிலர் கூடி, 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்ச் சொல்லிசைப் பாடல்களை முதல், இடை, கடை என வரிசைப்படுத்தினோம். 'ராப்' என்றும் 'ஹிப் ஹாப்' என்றும் உலகம் வழங்குவதனையே ஈண்டுச் சொல்லிசை என்கின்றோம். இரவு பதினொரு மணிவரை வாதம் நிகழ்ந்தது. முடிவில் ஒரு பட்டியலெழுதி விடுதிப் பலகையில் ஒட்டிவிட்டு, பெருங்காரியம் செய்தவர்போல் உறங்கச் சென்றோம்.

மறுநாட் காலையில் அப்பட்டியலின் அடியில் யாரோ ஒருவர் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தனர்: "பாட்டைக் கட்டினவன் பெயர் எங்கே?" உற்று நோக்கினோம். படத்தின் பெயர் இருந்தது. இசையமைத்தவர் பெயர் இருந்தது. நடித்தவர் பெயர்கூட இருந்தது. சொல்லை ஆக்கினோர் பெயர் ஓரிடத்தும் இல்லை. சொல்லே உயிராகிய கலையை ஆராயப் புகுந்த நாம் சொல்லுடையானை மறந்தோம். நாணத்துடன் அப்பட்டியலைக் கிழித்தெடுத்தோம். இக்கட்டுரை, அவ்வினாவுக்கு நாம் காலந்தாழ்த்தி அளிக்கும் விடையாகும்.

2. சொல்லிசையின் பிறப்பும் பரவலும்

1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண்ணுள்ள குடியிருப்பில் ஓர் எளிய விருந்து நிகழ்ந்தது. ஜமைக்காவிற் பிறந்து அங்குக் குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர், இசைத்தட்டில் பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தையே மக்கள் விரும்பி ஆடுதலைக் கண்டு, ஒரே தட்டின் இரு படிகளை மாறிமாறிச் சுழலவிட்டு அத்தாளத்தை நீட்டினார். நீண்ட தாளத்தின்மேற் சொல்லடுக்கிப் பேசுதல் பின்பு தனிக்கலையாயிற்று. வறிய கறுப்பு மக்களின் தெருவிற் பிறந்த அக்கலை, 2018-ஆம் ஆண்டில் கெண்ட்ரிக் லமார் என்பாரின் இசைத்தொகுப்பு புலிட்சர் பரிசு பெறுமளவிற்கு உயர்ந்தது.

தமிழில் இது வந்த வழி ஆராயத்தக்கது. 1994-இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' இப்பெயரைத் தமிழ்நாட்டிற் பரப்பியது உண்மையே. எனினும் தமிழ்ச் சொல்லிசையை ஒரு முழு முயற்சியாக நிறுத்தியவர் மலேசியத் தமிழர். யோகி பி.யும் நட்சத்திரா குழுவினரும் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பும், அதிலுள்ள 'மடை திறந்து' என்னும் பாடலும் யாவரும் அறிந்தவை. 1980-இல் 'நிழல்கள்' படத்திற்கு இளையராஜா அமைத்த பாடலின் மேல் எழுந்தது அது.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இஃது ஒரு சிந்தனையைத் தருகின்றது. மடை திறத்தல் நம் வயற்காட்டுச் சொல். ஆங்கிலேயர் ஆட்சியில், பஞ்சத்தாலும் கடனாலும் நிலமின்மையாலும் நெருக்குண்ட தஞ்சை நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கானோர் நாகப்பட்டினத் துறையிற் கப்பலேறிப் பினாங்கிற்கும் பிற துறைகளுக்கும் சென்றனர். அவ்வாறு கடல் கடந்த தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் நாட்டிலிருந்து, நம் வயலின் சொல்லையே தலைப்பாகத் தாங்கிப் புதுக்கலை ஒன்று கரை திரும்பியது. போனது ஆளாகவும், வந்தது பாட்டாகவும் இருந்தது.

அதன்பின் தமிழகத்தில் ஆதியும் ஜீவாவும் சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா' 2012-இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்டனர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைஞர் தென்மாவும் சேர்ந்து அமைத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியிற் சென்னையில் அரங்கேறியது. அக்குழுவில் விளங்கிய அறிவு, 2019-இல் 'தெருக்குரல்' தொகுப்பால் தனிப்பெயர் பெற்றார்.

3. நம் நாட்டு உறவுகள்

இக்கலை முற்றும் அந்நியமானது என்று கூறுவாருளர். அன்னார் தஞ்சையின் லாவணியை நினைதல் வேண்டும். 1676 முதல் 1855 வரை இங்கு ஆண்ட மராத்தியர் வழியாக வந்து, தமிழாகவே மாறிய கலை லாவணி. மாசித் திங்களிற் காமன் பண்டிகையின்போது இரு கட்சியார் எதிரெதிர் அமர்வர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. டேப்பு முழங்க ஒருவர் பாட்டாலே வினவ, மற்றவர் பாட்டாலே விடுப்பர். விடை கூறாது திகைத்தவர் தோற்றவராவர். அமெரிக்கத் தெருக்களில் இருவர் எதிர் நின்று சொல்லாற் பொருதும் போட்டிக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை.

எண்ணிப் பாராது அந்நொடியிற் பாடுதலும் நமக்குப் புதிதன்று. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவி நால்வகைப்படும் என்பர். அவற்றுள் ஆசுகவியிற் பெயர் பெற்றவர் காளமேகம். தாளத்திற்குச் சொற்கட்டு உரைக்கும் நட்டுவாங்கமோ, இரண்டாம் சரபோசி மன்னர் காலத்துத் தஞ்சை நால்வர் வளர்த்த செல்வம். கனடாவில் வாழும் ஷான் வின்சென்ட் டி பால், மிருதங்க ஒலியின்மேல் ஆங்கிலச் சொல்லடுக்கிப் பாடியபோது, உலகம் வியந்தது. நட்டுவாங்கம் கேட்டு வளர்ந்த காதிற்கு அது உறவினர் குரல்போல் இருந்தது.

4. அளவுகோல் எது?

தரம் காணுமுன் அளவுகோல் வேண்டும். நம் நண்பருள் ஒருவர், யூடியூபிற் பார்த்தோர் தொகையே அளவு என்றார். அஃது எளிது, ஆனால் சந்தையிற் கூடிய கூட்டத்தை எண்ணுவதற்கும் நெல்லின் தரம் பார்ப்பதற்கும் வேற்றுமை உண்டு. களத்தில் நெல் வாங்குவோர் ஒரு பிடி அள்ளிப் பதரை ஊதி, ஈரம் பார்த்து, ஓரிரு மணியைப் பல்லாற் கடித்துப் பார்த்தே விலை சொல்வர். ஆதலின் நாம் மூன்று அளவைகளைக் கொண்டோம்.

முதலாவது, தொடை நயம். ஆங்கிலச் சொல்லிசை பெரும்பாலும் அடியின் கடையில் ஒலியொன்றச் செய்வது. நம் இலக்கணம் இதனை இயைபு என்னும். தமிழ்ச் செய்யுளின் பெருமையோ அடியின் தலையில் நிற்கும் மோனையிலும், இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையிலும் உள்ளது. கடையில் மட்டும் ஒலியொன்றி நிற்கும் பாட்டு, ஆங்கில வார்ப்பில் ஊற்றிய தமிழ். தலையிலும் கடையிலும் ஒன்றி நிற்பதே தமிழ்ச் சொல்லிசை.

இரண்டாவது, நடை. தாளம் நான்கு நான்காகச் செல்ல, சொல் அதனை முந்தியும் பிந்தியும் விளையாடி உரிய இடத்தில் வந்து விழுதல் வேண்டும். விரைவு மட்டும் திறமையன்று. கேட்போர் செவியில் ஒரு சொல்லும் தங்காது ஓடும் பாட்டு, வடிகால் நீர்போல் வயலுக்குப் பயனின்றிக் கழியும்.

மூன்றாவது, வினாவுக்கு விடையிறுத்தல். லாவணியிற்போலச் சொல்லிசையிலும் எதிரில் ஒருவர் உளர். யாரை நோக்கி, எதற்காக இப்பாட்டு எழுந்தது? அதனைச் சொல்லும் உரிமை பாடுவோர்க்கு உண்டா? இதுவே மற்ற இரண்டினும் தலையாயது.

5. 2021-ஆம் ஆண்டின் வரிசை

மூன்றாம் இடத்தில் 'ஜெய் பீம்' படத்தின் 'பவர்' என்னும் பாடலை வைக்கின்றோம். ஷான் ரோல்டன் இசையில், அறிவு தாமே எழுதித் தாமே பாடியது. சொல்லும் குரலும் ஒருவருடையவையாதலின் உணர்ச்சி சிதறாது நிற்கின்றது. படம் 1993-இல் நிகழ்ந்த ஓர் உண்மை வழக்கைத் தழுவியது. பாட்டின் வலிமையிற் பாதி அக்கதையினின்று வருவது. கதையை நீக்கிக் கேட்கும்போது சற்றுக் குறைதலின் மூன்றாமிடம் பெற்றது.

இரண்டாம் இடம், 'சார்பட்டா பரம்பரை' படத்தின் 'நீயே ஒளி'. சந்தோஷ் நாராயணன் இசையில், ஷான் வின்சென்ட் டி பாலும் நவ்ஸ்-47 என்னும் பெண் கலைஞரும் குரல் தந்தனர். 1970-களின் வடசென்னைக் குத்துச்சண்டை வீரனுக்காக, கனடாவிற் குடியேறிய ஈழத்தமிழர் பாடுகின்றனர். போரால் ஊர் இழந்தவர் குரலும், சாதியால் மேடை மறுக்கப்பட்டவன் கதையும் ஒரே தாளத்திற் கலக்கின்றன. நடையால் நோக்கின் இதுவே முதலிடத்திற்குரியது. தமிழும் ஆங்கிலமும் மாறிவரும் இடங்களில் தொடையின் கட்டுச் சிறிது நெகிழ்தலின் இரண்டாவதாயிற்று.

முதலிடம், அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் உருவாக்கியது. சில திங்களுக்குள் பத்துக் கோடிக்கு மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. இதனைச் சொல்லிசை என்னலாமோ என நண்பர் சிலர் ஐயுற்றனர். ஒப்பாரியும் தாலாட்டும் ஆட்டப்பாட்டும் இதிற் கலந்துள்ளன. நம் கருத்து யாதெனின், கலப்பினால் இது தரம் தாழவில்லை. தமிழ்ச் சொல்லிசை தன் தாய்வீட்டைக் கண்டுகொண்டது இதிலேதான்.

தலைப்பின் சொல்லையே நோக்குக. 'எஞ்சாமி' என்பது 'என் சாமி' என்பதன் பேச்சு வடிவம். நம் நாட்டில் இச்சொல்லுக்கு இரு வாழ்வு உண்டு. பண்ணையாள் வரப்பில் நின்று மிராசுதாரை விளித்ததும் இச்சொல்லால்; அவ்வாள் மாலையிற் குடிசைக்குத் திரும்பித் தன் பேரனை வாரியெடுத்துக் கொஞ்சியதும் இச்சொல்லால். முன்னது அச்சம், பின்னது அன்பு. அச்சத்தின் சொல்லை அன்பின் பக்கம் திருப்பிவிட்டது இப்பாட்டு. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். காட்டைத் திருத்தியவருக்கு நிலமில்லை என்னும் அக்குடும்பத்தின் துயரே பாட்டின் வித்து. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த வரலாற்றையும், 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான கொடுமையையும் அறிந்த நம் மாவட்டத்தார்க்கு, இவ்வினா பிறர் வினாவன்று.

திரைப்படத்தைச் சாராது அவ்வாண்டில் வந்த ஹிப்ஹாப் தமிழாவின் 'நா ஒரு ஏலியன்' தொகுப்பினை, தனிப்பாடலன்மையின், வரிசைக்குப் புறத்தே நிறுத்திப் பாராட்டுகின்றோம்.

6. பெயரும் உரிமையும்

இனி, பென்சிலால் எழுதப்பட்ட வினாவுக்கு வருவோம். நாம் செய்த பிழையை உலகமும் செய்தது. 2021 ஆகஸ்டில், ரோலிங் ஸ்டோன் என்னும் இசை இதழின் இந்தியப் பதிப்பு இவ்விரு பாடல்களின் வெற்றியையொட்டித் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் முகப்பில் இட்டது. இரண்டிற்கும் சொல் எழுதிய அறிவு அம்முகப்பில் இல்லை. பா. இரஞ்சித் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 ஜூலை 28-இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் இப்பாடல் ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. பின்னர், பாட்டை ஆக்கியவர் யார் என்பது பற்றி அறிவும் சந்தோஷ் நாராயணனும் தனித்தனியே அறிக்கை வெளியிட்டனர். மெட்டு யாருடையது என்பதில் அவர்கள் கூற்று வேறுபடும். அதனைத் தீர்த்துரைக்க நாம் அறங்கூறவையத்தார் அல்லோம். ஆனால் இருவர் கூற்றிலும் வேறுபடாதது ஒன்றுண்டு: சொல் அறிவினுடையது. சொல்லே இசையாகிய கலையில், அவ்வொன்றே பெயரை முதலில் எழுதப் போதுமானது.

வரிசைப்படுத்துதல் சிறுவர் விளையாட்டன்று. பட்டியலில் எழுதப்பட்ட பெயர் நிற்கும். எழுதாது விட்ட பெயர் அழியும். நம் வயல்களில் நடவுப்பாட்டுக் கட்டிய பெண்டிர் எத்துணையோ பேர்! எதுகையும் மோனையும் அவர்க்கு எவர் கற்பித்தார்? குனிந்து நாற்று நட்டுக்கொண்டே, அந்நொடியிற் கட்டி, அடுத்தவள் வாயில் ஏற்றி, மாலையில் மறந்துபோன அப்பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. அவர்களை வரிசைப்படுத்த எவரும் அமர்ந்திலர்.

7. முடிபு

பென்சிலால் எழுதியவர் யார் என்று பின்னர் அறிந்தோம். அவர் நம் வகுப்புத் தோழரே. நடவு நட்டுப் பிழைக்கும் குடும்பத்திலிருந்து முதன்முதற் கல்லூரிக்கு வந்தவர். 'எங்கள் அப்பாயி பாடும். எழுதிக்கொள்ளவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பலகையைப் பார்த்ததும் அது நினைவுக்கு வந்தது' என்றார். வேறொன்றும் அவர் கூறவில்லை.

ஆதலின் அன்பர்காள், புதிய பட்டியல் ஒன்றைப் பலகையில் ஒட்டியுள்ளோம். அதிற் பாடலாசிரியர் பெயர் முதற்கட்டத்தில் உளது. வரிசை உங்கட்கு உடன்பாடாகாதாயின் மாற்றி வாதிடுக. லாவணி மரபினராகிய நமக்கு எதிர்க்கட்சி இன்றிச் சுவை இல்லை. வரும் விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேடு உடன் கொண்டு செல்க. அப்பாயியும் அம்மாயியும் பாடுவனவற்றை எழுதிக்கொள்க. எழுதுமுன் அவர்தம் பெயரை முதலில் எழுதுக.