ஆப்பிரிக்க வயலெட்: இலைக்கன்றும் விதைக்கன்றும்

சன்னலோரத்தில் நான்கங்குலத் தொட்டியில் வளர்ந்து ஆண்டில் பல மாதங்கள் பூக்கும் ஆப்பிரிக்க வயலெட், உண்மையில் வயலெட் இனத்தைச் சேர்ந்ததன்று. இதன் தாயகம் இன்றைய தான்சானியாவிலுள்ள உசம்பரா மலைக்காடுகளாகும். அங்கு ஜெர்மானிய ஆட்சி அலுவலராயிருந்த வால்ட்டர் வான் செயின்ட் பால் 1892இல் இதனைக் கண்டு தம் தந்தைக்கு அனுப்பினார். 1893இல் ஹெர்மன் வெண்ட்லாண்டு என்னும் தாவர அறிஞர், அக்குடும்பத்தின் பெயராலேயே செயின்ட்பாலியா எனப் பெயரிட்டார். 2015இல் இது ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ் பேரினத்துள் சேர்க்கப்பட்டது; வளர்ப்போர் பழைய பெயரை இன்னும் விட்டபாடில்லை.

நிழலில் வளர்ந்து பழகிய செடியாதலால் நேர்வெயில் இதற்கு ஆகாது. 18 முதல் 24 பாகை வரையுள்ள வெப்பமே ஏற்றது. நம் சமவெளிக் கோடையில் இதனைக் காப்பது கடினம். மலையூர் உறுப்பினர்கள் தயங்காது முயலலாம். குளிர்ந்த நீர் பட்டால் இலையில் வெளிர்ப்புள்ளிகள் விழும்.

கன்று பெருக்குதல் எளிது. மிக முற்றியதுமன்றி மிக இளையதுமன்றி நடுவரிசையில் நிற்கும் இலையைக் காம்போடு எடுத்து, காம்பை ஓரங்குல நீளம் விட்டுச் சாய்வாக நறுக்குக. தென்னை நார்த்தூளும் மணலும் கலந்த ஈரக் கலவையில் அதனை ஊன்றிப் பாலிதீன் பையால் மூடிவிடுக. மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். இரண்டு மூன்று மாதங்களில் காம்படியில் சிறு கன்றுகள் தோன்றும். இக்கன்றுகள் தாய்ச்செடியையே ஒத்திருக்கும். ஆயினும் ஒரு விலக்கு உண்டு. இதழ்களில் சக்கரக்கால் போலக் கோடு ஓடும் வகைகள், இருவேறு திசுக்கள் அடுக்காய் அமைந்தவை. அவற்றை இலையிலிருந்து பெருக்கினால் அக்கோடு பெரும்பாலும் மறைந்துபோம். பக்கக்கன்றைப் பிரித்து நடுதலே தக்கது.

புதுவகை வேண்டுவோர் விதையை நாட வேண்டும். இப்பூவின் மஞ்சள் மகரந்தப்பைகள் தாமே எளிதில் உதிர்ப்பதில்லை. காட்டில் வண்டினங்கள் அதிர்த்து மகரந்தத்தை எடுத்துச் செல்லும். வீட்டில் அவ்வேலை நம்முடையது. ஒரு பூவின் பையைச் சிறு கத்தியாற் பிளந்து, மகரந்தத்தை மற்றொரு செடிப்பூவின் சூல்முடியில் தடவுக. காய் முற்றி உலர நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். விதை தூசியினும் சிறிது. மண்ணால் மூடாது மேலே தூவி, ஈரங்காத்து வைக்க வேண்டும்.

இங்கேதான் பலர் பொறுமையிழக்கின்றனர். தூய நீலப்பூச் செடியை இளஞ்சிவப்போடு கலந்தால் முதல் தலைமுறை முழுதும் நீலமாகவே பூக்கும். வீணாயிற்றென்று எண்ணி எறிந்துவிடலாகாது. இளஞ்சிவப்பு அவற்றுள் மறைந்தே நிற்கிறது. அக்கன்றுகளைத் தமக்குள் கலந்தால், அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கிலொன்று இளஞ்சிவப்பாகும். 1920களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நாற்றங்காலொன்று விதைக்கன்றுகளை மிகுதியாக வளர்த்து, அவற்றுள் பத்து வகைகளையே விற்பனைக்குத் தெரிந்தெடுத்தது. 'புளூ பாய்' அவற்றுளொன்று.

சங்கத்தின் வழியே விற்போர் இதனை மனங்கொள்ள வேண்டும். விதைக்கன்றுக்குத் தாயின் பெயரைச் சூட்டி விற்றால், வாங்கியவர் பல மாதங்கள் காத்திருந்து வேறொரு பூவைக் காண்பார். கெடுவது விற்றவர் பெயர் மட்டுமன்று, சங்கத்தின் பெயருமாகும். ஆதலின் இலைக்கன்றுகளையும் விதைக்கன்றுகளையும் வேறுவேறு பலகையில் வைத்து, இலைக்கன்றின் சீட்டில் வகைப்பெயரும் ஊன்றிய நாளும், விதைக்கன்றின் சீட்டில் தாய்ச்செடி, மகரந்தம் தந்த செடி, கலந்த நாள் ஆகியவையும் எழுதி, அவற்றையே பதிவேட்டிலும் ஏற்றுக. பூத்துக் காட்டாத விதைக்கன்றுக்கு எண் போதும், பெயர் வேண்டுவதில்லை.