குடியாட்சியின் பயன்

சென்னையினின்று விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில், திண்டிவனத்திற்கு வடக்கே ஒலக்கூர் என்னும் ஊர் உள்ளது. ஊராட்சி ஒன்றியம் ஒன்றன் தலைமையிடம் அது. அவ்வூரில் தெருவிளக்கு எரியாவிடினும், குடிநீர்க் குழாய் வறண்டுபோயினும், மக்கள் முதலில் நாடிச் செல்வது தில்லியையன்று, சென்னையையும் அன்று, ஊராட்சி மன்றத்தையே ஆகும். ஆதலின், குடியாட்சி குடிகளுக்குப் பயன்படுகின்றதா என அறிய விரும்புவோர், நாடாளுமன்றத்தை நோக்குமுன் ஊராட்சி மன்றத்தை நோக்குதல் நன்று.

முடியாட்சியிலும் நல்லாட்சி நடந்ததுண்டு. ஏரி வெட்டி உழவைப் பெருக்கிய மன்னர் நம் நாட்டில் பலராவர். ஆயினும், மன்னன் தவறியபோது அவனை மாற்றும் உரிமை குடிகளிடம் இல்லை. ஆள்வோர் என்றும் நல்லவராகவே இருப்பர் என்பதன்று குடியாட்சியின் சிறப்பு. அவர்களை வினவவும், உரிய காலத்தில் மாற்றவும் குடிகளுக்கு உரிமை உண்டு என்பதே அதன் சிறப்பு.

1943ஆம் ஆண்டில், அயலார் ஆட்சியில், வங்காளத்தில் நேர்ந்த பஞ்சத்தால் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடுதலைக்குப்பின் அத்தகைய பெரும்பஞ்சம் நம் நாட்டில் நிகழவில்லை. தேர்தலை எதிர்நோக்கும் அரசும், குறையை அஞ்சாது எடுத்துரைக்கும் செய்தித்தாளும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் தலைகாட்டாது என்பர் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென். ஆனால், ஓசையின்றி உடலை வாட்டும் நாட்பட்ட பசியை நம் குடியாட்சி அவ்வளவு விரைவில் நீக்கவில்லை என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார். உரத்துக் கேட்கப்படும் குறை விரைவில் தீர்கின்றது. கேட்பாரற்ற குறை நீடிக்கின்றது.

கேட்டற்குரிய இடம் யாது? கிராம சபையே அது. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு உரிமை அளித்துள்ளன. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. ஊராட்சியின் வரவு செலவுகளை அங்கே எவரும் எழுந்து வினவலாம்.

கணக்குக் கேட்கும் இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. ஒலக்கூருக்கு வடக்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தேர்வுக்கு உரியரல்லர். எனினும், நிலமுடைய அந்தணர்க்கே உரியதாய் இருந்தது அவ்வவை. உழுது உழைத்தவர்க்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. இன்றோ, தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

இவ்வுரிமை தடைப்பட்டால் நேர்வது யாது? 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தது. வழக்குகளாலும், பின்னர் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டமையாலும் தேர்தல் தள்ளிப்போயிற்று. மாநிலத்தின் பெரும்பகுதி ஊர்களில் 2019 திசம்பரில் தேர்தல் நடைபெற்றது; விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலேயே நடைபெற்றது. அந்த ஐந்தாண்டும் ஒலக்கூர் வட்டாரத்து ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தன. அலுவலருள் கடமை தவறாதோர் பலர் உண்டு. ஆயினும் அவர் ஊரார் வாக்கினால் வந்தவரல்லர். ஊரார் வாக்கினால் நீங்குவோரும் அல்லர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இன்மையால், தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கு நடுவண் அரசு வழங்கவேண்டிய மானியத்தில் ஒரு பகுதியும் நிறுத்திவைக்கப்பட்டது. ஊராட்சியின் வாயில் அடைபட்டால் இழப்பு ஊராரையே சாரும் என்பது இதனால் விளங்கும்.

மாணவர்காள்! கிணற்றில் நீர் நிறைந்திருப்பினும், இறைப்பார் இல்லையேல் பயிர் வாடும். குடியாட்சியும் அத்தகையதே. பதினெட்டு வயது நிரம்பியதும் நீவிர் வாக்குரிமை பெறுவீர். வாக்களித்ததனோடு கடமை முடிந்தது என்று அமைந்துவிடாதீர். கிராம சபை கூடும் நாளில் சென்று அமர்மின்; கணக்கைக் கேண்மின்; பிறர் குறையையும் நும் குறையாகக் கருதி எடுத்துரைமின். அந்நாளிலே குடியாட்சி தன் முழுப்பயனையும் நும் ஊர்க்கு நல்கும்.