அகர வரிசையைக் கட்டளையில் எழுதி வை



தம்பி, மம்சாபுரத்தில் இருந்தபடியே லேட்டெக் மென்பொருளில் தமிழ் நூல்களுக்குப் பக்கம் அமைக்கத் தொடங்கியிருக்கும் உனக்கு ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். நூலின் கடைசியில் வரும் சொல்லடைவைக் கையால் அடுக்காதே. அதை அடுக்கும் முறையை நூலை ஓட்டிப் பிடிஎஃப் ஆக்கும் எடிட்டரின் பில்டு கட்டளையில் எழுதி வை. நூல் ஓடும்போதெல்லாம் சொல்லடைவும் புதிதாக உருவாகட்டும். எது முன், எது பின் என்பது பதிப்பாசிரியர் எடுக்கவேண்டிய முடிவு. எடிட்டரோடு தானாக வந்த கட்டளையிடம் அதை விட்டுவிடலாகாது.

தானாக வரும் அந்தக் கட்டளை பெரும்பாலும் மேக்இண்டெக்ஸ்தான். 1980களில் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நிரல் அது. தமிழ் நெடுங்கணக்கு அதற்குத் தெரியாது. எழுத்துகளை யூனிகோடு எண் வரிசையிலேயே அடுக்கும். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. புள்ளி, உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் போய்விடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்களைப் பற்றி ஒரு நூல் வருவதாக வைத்துக்கொள். மம்சாபுரம், மல்லி, மறுகால், மன்னர் என்பது நம் அகராதி வரிசை. மேக்இண்டெக்ஸ் அதையே மன்னர், மம்சாபுரம், மறுகால், மல்லி என்று தரும். மெய் முந்தும் மரபுப்படி ‘கண்மாய்’, ‘கணக்கு’ என்பதற்கு முன்னால் வரவேண்டும். மேக்இண்டெக்ஸில் கணக்கு முந்திக்கொள்ளும். மகரத்தின் கடைசியில் மன்னரைத் தேடும் வாசகர் காணாமல், நூலிலேயே அது இல்லை என்று முடிவு செய்துவிடுவார்.

மாற்று வழி எளிது. முதல் ஓட்டத்தில் பக்கம் அமைக்கும் சீலேட்டெக் நிரல் சொற்களையும் பக்க எண்களையும் ஒரு கோப்பில் கொட்டும். அடுக்கும் நிரல் அதை வரிசைப்படுத்தித் தரும். இரண்டாம் ஓட்டத்தில் அந்த அடைவு நூலுக்குள் வந்து சேரும். நடுவில் இருக்கும் நிரலை மாற்றினால் போதும். அப்மெண்டெக்ஸ் என்ற நிரல் ஐசியூ என்ற யூனிகோடு நிரல் நூலகத்தின் மொழிவாரி வரிசை விதிகளைக் கொண்டு அடுக்குகிறது. அதன் பாணிக் கோப்பில் மொழியைத் தமிழ் என்று குறித்துவிடு. பிறகு பத்துச் சொற்களைக் கொண்ட சோதனைக் கோப்பை ஓட்டி, ஓர் அகராதியோடு ஒப்பிட்டுப் பார். இந்த ஏற்பாட்டை டெக்ஸ்ஸ்டூடியோ போன்ற எடிட்டரின் பில்டு அமைப்பில் மட்டும் எழுதினால் அது உன் கணினியோடு நின்றுபோகும். லேட்டெக்எம்கே நிரலின் அமைப்புக் கோப்பில் எழுதி, நூலின் ஃபோல்டரிலேயே வை. எடிட்டரின் பொத்தான் லேட்டெக்எம்கேயை அழைத்தால் போதும். எத்தனை ஓட்டம் தேவை என்பதை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். சிவகாசியில் அச்சுக்கு முன் வேறொருவர் அந்த நூலைத் திறந்து ஓட்டினாலும் அதே சொல்லடைவுதான் வரும்.

ஒரே ஒரு நூலுக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு, எக்செல்லில் ஒரு மணி நேரத்தில் அடுக்கிவிடலாமே என்பார்கள். முதல் புரூஃபுக்கு அது சரி. ஆனால் மூன்றாம் புரூஃபில் ஆசிரியர் 40ஆம் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்தால், அதற்குப் பின்னால் வரும் பக்க எண்கள் எத்தனையோ நகர்ந்துவிடும். கையால் செய்த அடைவு பழைய எண்களையே சொல்லிக்கொண்டிருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ரோமன் எழுத்தில் ஒரு திறவுச்சொல் கொடுத்தே மேக்இண்டெக்ஸை வழிக்குக் கொண்டுவரலாமே என்றும் கேட்பார்கள். முடியும்தான். ஆனால் நூறு இடங்களில் வரும் சொல்லுக்கு ஒரே ஒரு இடத்தில் திறவுச்சொல் மாறிப்போனாலும் அது அடைவில் இரண்டு பதிவாகப் பிளந்து நிற்கும். வரிசை விதியை ஓரிடத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பிடிஎஃப்பில் தேடிக்கொள்ளும் காலத்தில் சொல்லடைவே எதற்கு? தமிழுக்கு அந்தத் தேடல் போதாது. ‘மம்சாபுரம்’ என்று தேடினால் ‘மம்சாபுரத்தில்’ கிடைக்காது. ‘குளம்’ என்றால் ‘குளத்தின்’ அகப்படாது. வேற்றுமை உருபு ஏறியதும் இத்தகைய சொல்லின் ஈறு மாறிவிடுகிறது. ‘மம்சாபுர’ என்று வெட்டித் தேடத் தெரிந்தவருக்கும் ஊர்ப்பெயர் வந்த இடமெல்லாம் வரும். பொருட்படுத்தத் தக்க இடம் எது என்பது தெரியாது. ஆண்டாள் என்று தேடுபவருக்குக் கோதை என்று எழுதிய பக்கத்தைக் காட்ட மனிதர் ஒருவர் அமைத்த அடைவால்தான் முடியும். எதைச் சேர்ப்பது, எதை எதனோடு இணைப்பது என்பதை மனிதர் தீர்மானிக்க, அடுக்கும் சலிப்பான வேலையை இயந்திரம் பார்க்கட்டும்.

இந்த அகர வரிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. செய்யுள் வடிவில் சொற்பொருள் சொன்ன நிகண்டுகள், அவற்றை மனப்பாடம் செய்தவருக்கே பெரிதும் பயன்பட்டன. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. பாடம் செய்யாதவரும் சொல்லைத் தேடி எடுக்க அது வழிவிட்டது. 1967 முதல் 1970 வரை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்தின் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அப்படிப்பட்ட உழைப்பால் நிலைபெற்ற வரிசையை ஒரு மென்பொருளின் இயல்பு அமைப்புக்காக நாம் கைவிடக்கூடாது. அடுத்த நூலைத் தொடங்கும்போது முதல் அத்தியாயத்தைத் தட்டுவதற்கு முன்பே அடுக்கும் நிரலைக் குறிக்கும் சில வரிகளை லேட்டெக்எம்கேயின் அமைப்புக் கோப்பில் எழுதிவிடு. ஒவ்வொரு புரூஃபும் வெளியே போகுமுன் அடைவில் பத்துப் பதிவுகளை எடுத்துப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார். வாசகர் தேடிய பக்கத்தில் தேடிய செய்தி இருக்கவேண்டும், தம்பி. அதற்குப் பொறுப்பு நீதான்.