நாலு டிஸ்க் போட்டால் டேட்டா பத்திரமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தாண்டி ஓசூருக்குள் வந்தால் சிப்காட்டின் முதல் கட்டம், இரண்டாம் கட்டம்; அங்கிருந்து சூளகிரி, போச்சம்பள்ளி வரை தொழிற்சாலைகள். அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளுக்குத் தனி ஐடி பிரிவு உண்டு. அவற்றைச் சுற்றியிருக்கும் சிறு யூனிட்டுகளின் நிலை வேறு. இருபது முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில், அக்கவுண்ட்ஸ் அறையின் மூலையில் ஒரே ஒரு சர்வர் இருக்கும். டாலி கணக்கு, வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங், சிஎன்சி புரோகிராம், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எல்லாம் அதில்தான். சர்வர் வாங்கிய அன்று ஒருவர் வந்து நாலு டிஸ்கை ரெய்டில் கட்டி, நிர்வகிக்கும் சாஃப்ட்வேரையும் ஏற்றிவிட்டுப் போயிருப்பார். அதன்பின் அந்த சாஃப்ட்வேரை யாரும் திறப்பதில்லை. அதற்குப் பின்னால் சில தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ரெய்டு இருக்கிறது, பேக்கப் வேண்டாம்.

உண்மை: பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டும் முறைக்கு ரெய்டு என்று பெயர் வைத்தவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கேட்ஸ் ஆகிய மூவர். பெரிய, விலை உயர்ந்த டிஸ்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்குகள் பலவற்றைப் போட்டால், ஏதாவது ஒன்று அடிக்கடி பழுதாகும். அப்போதும் டேட்டா போகாமல் வேலை தொடர என்ன வழி என்பதே 1988-ல் வந்த அவர்களுடைய கட்டுரையின் முக்கியமான கேள்வி. ரெய்டு இன்றும் டிஸ்க் பழுதுக்கு மட்டுமே மருந்து.

ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் எல்லா டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் எல்லா டிஸ்கும் சேர்ந்தே பூட்டப்படும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுவதும் பரவியபோது சென்னையை அடுத்த ஒரகடத்தின் ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. தீ பிடித்தால் டிஸ்க் எத்தனை இருந்தாலும் எரிவது ஒரே பெட்டிதான். 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்ததில், அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் முழுவதும் போனது. 858 டெராபைட், வெளியிடத்தில் பிரதி இல்லை. ஒரு நாட்டின் அரசுக்கே இந்தக் கதி என்றால் நம் யூனிட் எம்மாத்திரம்? லாரியில் ஸ்டெப்னி இருக்கிறது என்பதற்காக யாரும் இன்சூரன்ஸ் கட்டாமல் விடுவதில்லை.

நம்பிக்கை 2: நாலு டிஸ்க் என்றால் ரெய்டு 5-தான் சரி.

உண்மை: நாலில் மூன்று டிஸ்கின் இடம் கிடைக்கிறது, ஒன்று போனாலும் தாங்கும் என்பதால் ரெய்டு 5 பலருக்கும் பிடிக்கும். டிஸ்குகள் சின்னதாக இருந்த காலத்தில் அது நல்ல கணக்கு. இன்று 8 டெராபைட் டிஸ்க் நாலைக் கட்டுகிறோம். ஒன்று போனதும் புதிய டிஸ்கை நிரப்ப, மீதி மூன்றிலும் உள்ள 24 டெராபைட்டை ஒரு பிட் விடாமல் படிக்க வேண்டும். சாதாரண டிஸ்கின் விவரத் தாளில், 100 லட்சம் கோடி பிட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருக்கும், அது 12.5 டெராபைட். நடப்பில் டிஸ்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் அந்த எல்லையைப் போல இரண்டு மடங்கை ஒரே மூச்சில் படிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

நேரத்தையும் பாருங்கள். நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் போனாலும் ஒரு 8 டெராபைட் டிஸ்கை நிரப்பப் பதினொரு மணி நேரம் ஆகும். நடுவே ஆட்கள் வேலை செய்தால் நாள்கணக்கில் இழுக்கும். அந்த நேரத்தில்தான் மற்ற டிஸ்குகளுக்கு அதிக உழைப்பு. எல்லாமே ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட, ஒரே வயது டிஸ்குகள் என்றால் இரண்டாவதும் விழ வாய்ப்புண்டு. நாலு டிஸ்கில் ரெய்டு 6 அல்லது ரெய்டு 10 போட்டால் இடம் 16 டெராபைட்டாகக் குறையும். ரெய்டு 6 எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ரெய்டு 10 டிஸ்குகளை ஒன்றுக்கு ஒன்று பிரதியாக ஜோடி சேர்க்கும்; ஒரே ஜோடியின் இரண்டும் போகாதவரை தாங்கும், புதிய டிஸ்கை நிரப்பும் ரீபில்டும் சீக்கிரம் முடியும். பெரிய டிஸ்குகளுக்கு இந்த இரண்டில் ஒன்றே பொருத்தம்.

நம்பிக்கை 3: கொள்ளளவு ஒன்றாக இருந்தால் எந்த டிஸ்கும் ஒன்றுதான்.

உண்மை: அவசரத்துக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ஆளை அனுப்பி, இருப்பதில் விலை குறைந்ததை வாங்கி வருவது இங்கே வழக்கம். வாங்கும் இடத்தில் தவறில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் ஒரு பகுதியைப் படிக்க முடியாவிட்டால் ஒரு நிமிடம் வரைகூட விடாமல் முயலும். டிஸ்குகளை ஒன்றாகக் கட்டி நிர்வகிக்கும் ரெய்டு கார்டு அவ்வளவு நேரம் பொறுக்காது. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டி ஒதுக்கிவிடும். நெட்வொர்க் ஸ்டோரேஜுக்கான என்ஏஎஸ் வகை, சர்வருக்கான என்டர்பிரைஸ் வகை டிஸ்குகள் பொதுவாக ஏழு நொடியில் முயற்சியை விட்டு, பிழையைக் கார்டிடம் ஒப்படைக்கும்.

இன்னொன்று எஸ்எம்ஆர். தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏற்றி எழுதும் டிஸ்க் இது. விலை குறைவு, தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாடல்கள் இந்த வகை என்பது 2020 ஏப்ரலில் வெளியே வந்தபோது பெரிய சர்ச்சையானது, ஏனென்றால் அவை என்ஏஎஸ்ஸுக்கு என்றே விற்கப்பட்டவை. தடங்களை ஏற்றி எழுதாத சிஎம்ஆர் டிஸ்கா என்று கேட்டு, மாடல் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள்.

நம்பிக்கை 4: டிஸ்க் கெடப்போகிறது என்றால் சாஃப்ட்வேரே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

உண்மை: டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட முடிவின்படி, பழுதான டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் ஸ்மார்ட்டின் எந்த எண்ணிக்கையிலும் முன்னறிகுறி காட்டாமலே போயின. அதே ஆண்டு ஆய்வாளர் பியாங்கா ஷ்ரோடரும், ரெய்டு கட்டுரையின் அதே கார்த் கிப்சனும் செய்த ஆய்வில், ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீத டிஸ்குகள் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. தயாரிப்பாளர் தரும் கணக்கின்படி அது 0.88 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பழுதான பிறகும் செய்தி நம்மை எட்டுவது உறுதியில்லை. ரெய்டை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர் மெகாரெய்டு ஸ்டோரேஜ் மேனேஜரோ லினக்ஸின் எம்டிஆட்மோ, எதுவானாலும் நாம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, சோதனை மெயில் வருகிறதா என்று பார்த்தால்தான் எச்சரிக்கை நம்மிடம் வரும். அது இல்லாத இடத்தில் ‘ஆப்டிமல்’ என்றிருந்தது ஒருநாள் ‘டிகிரேடட்’ ஆகும். கார்டு பீப் பீப் என்று கத்தும். சத்தம் தாங்காமல் யாரோ அதை ‘சைலன்ஸ்’ செய்வார்கள். மீதி டிஸ்குகள் மாதக்கணக்கில் துணையில்லாமல் ஓடும், இரண்டாவது டிஸ்க் விழும்வரை.

நம்பிக்கை 5: பழுதான டிஸ்கை உருவிப் புதியதைச் செருகினால் போதும்.

உண்மை: ரெய்டில் டேட்டா போவது பல நேரம் இந்த இடத்தில்தான். சாஃப்ட்வேர் ‘ஸ்லாட் 2’ பழுது என்கிறது. ஊழியர் இடமிருந்து எண்ணி இரண்டாவது டிஸ்கை உருவுகிறார். பல சர்வர்களில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். ஸ்லாட் 2 என்பது அங்கே மூன்றாவது டிஸ்க். நல்ல டிஸ்க் கையில், கெட்டது உள்ளே. ரெய்டு 5 அந்த நொடியே நின்றுவிடும். உருவுவதற்கு முன் சாஃப்ட்வேரில் ‘லொகேட்’ கொடுங்கள். அந்த டிஸ்கின் விளக்கு மட்டும் மினுக்கும். சீரியல் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

கார்டு மாறினாலோ கேபிள் தளர்ந்தாலோ ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று ஒரு திரை வரும். டிஸ்குகளில் ஓர் அமைப்பு எழுதியிருக்கிறது, அது என் கணக்கில் இல்லை என்று கார்டு சொல்கிறது. அங்கே ‘இம்போர்ட்’ என்றும் ‘கிளியர்’ என்றும் இரண்டு வழி. கிளியர் கொடுத்தால் எந்த டிஸ்க் எந்த வரிசையில் இருந்தது என்ற குறிப்பு அழியும். அதற்குமேல் புதிதாக ரெய்டு உருவாக்கி ‘இனிஷியலைஸ்’ கொடுத்தால் டேட்டாவின்மேலேயே எழுத ஆரம்பிக்கும். இம்போர்ட்டிலும் கவனம் வேண்டும்: ஒரு டிஸ்க் போன மாதமே விலகி, இன்னொன்று இன்று விலகியிருந்தால், பழையதை வலுக்கட்டாயமாக ஆன்லைனில் சேர்ப்பது போன மாத டேட்டாவை இன்றைய டேட்டாவோடு கலந்துவிடும். சந்தேகம் வந்தால் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். திரையைப் படம் எடுத்து, டிஸ்குகளில் ஸ்லாட் எண் ஒட்டி, சர்வரை அணைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

நம்பிக்கை 6: யுபிஎஸ் இருக்கிறது, கரண்ட் போனாலும் கவலையில்லை.

உண்மை: யுபிஎஸ்ஸின் பேட்டரி தீரும்போது சர்வருக்கு அது தெரிய வேண்டும். யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு சிக்னல் கேபிள் போட்டு, தானாக ஷட் டவுன் ஆகும்படி அமைக்காவிட்டால், ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாத ஒரு ராத்திரியில் சர்வர் பாதி எழுத்தில் அணையும். ரெய்டு கார்டு ‘ரைட் பேக்’ முறையில் இருந்தால், எழுதிவிட்டதாகச் சொன்ன டேட்டா இன்னும் கார்டின் நினைவகத்திலேயே இருக்கலாம். அதைக் காப்பது கார்டிலுள்ள சின்ன பேட்டரி. சில வருடங்களில் அதுவும் வலுவிழக்கும். பேட்டரி நிலையை அதே சாஃப்ட்வேரில் பாருங்கள். சரியில்லை என்றால் ‘ரைட் த்ரூ’ முறைக்கு மாற்றுங்கள். வேகம் குறையும், டேட்டா தப்பிக்கும்.

நம்பிக்கை 7: பேக்கப் தினமும் ஓடுகிறது, அது போதும்.

உண்மை: 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கும் என்று போய்ப் பார்த்தால் இடம் காலி. வெர்ஷன் ஒத்துப்போகாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது; தோற்றதைச் சொல்லும் மெயிலும் யாருக்கும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதி கைகொடுத்தது. மென்பொருளே தொழிலாகக் கொண்டவர்களுக்கு நடந்தது இது.

பேக்கப் என்றால் திரும்ப எடுத்துப் பார்த்ததுதான் பேக்கப். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதி சிறு யூனிட்டுக்கும் எட்டக்கூடியதே. எப்போதும் சர்வரில் செருகியே இருக்கும் யுஎஸ்பி டிஸ்க் கணக்கில் வராது. ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

சட்டமும் தரச் சான்றும் இதைக் கேட்கின்றன. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. ஜிஎஸ்டி பதிவேடுகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். வாகன உதிரிபாகத் துறையின் ஐஏடிஎஃப் 16949 சான்று பெற்ற யூனிட், ஒரு பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்குமேல் ஒரு காலண்டர் ஆண்டும் அந்தப் பாகத்தின் ஒப்புதல் ஆவணங்களைக் காக்க வேண்டும். எந்த ரெய்டும் இவ்வளவு காலத்துக்குப் பொறுப்பேற்காது.

யூனிட் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆட்களில் ஒருவரிடம் இந்த வேலையைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். வாரம் ஒருமுறை அவர் ஸ்டோரேஜ் சாஃப்ட்வேரைத் திறந்து ‘ஆப்டிமல்’ என்றிருக்கிறதா என்று பார்க்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு டிராயிங்கையும் ஒரு நாள் கணக்கையும் பேக்கப்பிலிருந்து எடுத்து வேறு கம்ப்யூட்டரில் திறந்து காட்டட்டும். அதே அளவு டிஸ்க் ஒன்று அலமாரியில் தயாராக இருக்கட்டும். மெஷினுக்கு மெயின்டெனன்ஸ் சார்ட் எழுதித் தொங்கவிடுகிற ஊர் இது. சர்வருக்கும் ஒன்று எழுதி மாட்டுங்கள். முதல் கையெழுத்து இந்த வாரமே விழட்டும்.