உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திற்குக் கணினி வாங்கும் முறை

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மூலதனம் சிறு, குறு விவசாயிகள் செலுத்திய பங்குத் தொகையாகும். எனவே சுழி பார்த்து, பல் பார்த்து, ஏரில் பூட்டிப் பார்த்து உழவு மாடு வாங்குவது போலவே கணினியையும் வாங்க வேண்டும். முதலில் பணி, அடுத்து மென்பொருள், கடைசியில் கணினி என்பதே சரியான வரிசை.

பணி

உறுப்பினர் எண்ணிக்கை, பருவ காலத்தில் ஒரு நாளில் போடும் பில்கள், உரம் மற்றும் விதை இருப்பு, கொள்முதல் எடை, பணப் பட்டுவாடா ஆகியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மென்பொருள்

நிறுவனச் சட்டப்படி பதிவான நிறுவனத்தின் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு திருத்தமும் தேதியுடன் பதிவாகும் வசதி 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அந்த வசதியை யாரும் நிறுத்தி வைக்க முடியாதபடி இருக்க வேண்டும். உறுப்பினர் கணக்கை மறைவாகத் திருத்த இது இடம் கொடாது.

கணக்குகளை 8 ஆண்டுகள் காக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே, பின்னாளில் வேறு மென்பொருளுக்கு மாறினால் எல்லா விவரங்களையும் எடுத்துத் தருவதாக விற்பவரிடம் எழுதி வாங்குவது அவசியம். இல்லையேல் கணக்கு அவர் கையில் சிக்கிக்கொள்ளும்.

பணம் கட்டுமுன் நிறுவனப் பணியாளரே பழைய பில்கள் 20ஐப் போட்டுப் பார்க்க வேண்டும். இணையம் இல்லாதபோதும் பில் வருகிறதா எனச் சோதிப்பது நல்லது.

கணினி

சாதாரணக் கணக்கு வேலைக்கு 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் உள்ள கணினி போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. எனவே விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியை, விலை மலிவு என்று வாங்கக் கூடாது. மேசைக் கணினியானால் யு.பி.எஸ். அவசியம்.

விலைப்புள்ளி

குறைந்தது 3 விலைப்புள்ளிகள் பெற்று, 18 சதவீத ஜி.எஸ்.டி., மென்பொருளின் ஆண்டுக் கட்டணம், பராமரிப்பு ஆகியவற்றையும் சேர்த்து 5 ஆண்டுச் செலவை ஒப்பிட வேண்டும். ஆண்டுக் கட்டணம் 12,000 ரூபாய் என்றால் 5 ஆண்டில் 60,000 ரூபாய் ஆகும். இது கணினியின் விலையையே மிஞ்சிவிடலாம்.

நகல்

கணக்கின் நகலை நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேமிக்க வேண்டும். தங்கள் கணக்கைத் திரையில் காட்டும்படி உறுப்பினர்கள் அவ்வப்போது கேட்டுப் பார்ப்பது நலம்.