கரையாத சாயமும் கலப்பு மிசெல்லும்

நெசவுக்குப் பேர்போன எங்கள் அம்மாபேட்டையில் நூலுக்குச் சாயம் போடுவதைப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. பட்டுக்குப் போடும் சாயங்கள் வெந்நீரில் எளிதில் கரைந்துவிடும். பாலியெஸ்டர் நூலுக்குரிய ‘டிஸ்பர்ஸ்’ சாயமோ நீரில் மிகச் சிறிதளவே கரையும். மீதி நுண்ணிய தூளாக மிதக்கும். சரியாகப் பரவாவிட்டால் திட்டுத் திட்டாகப் படியும். இதற்கு உதவுபவை சோப்பின் இனத்தைச் சேர்ந்த பொருட்களே.

சோப்பு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும், நீரை வெறுக்கும் வாலும் உண்டென்று பாடத்தில் படித்திருக்கிறோம். நீரில் ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் அவை வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே நீட்டி உருண்டைகளாகத் திரள்கின்றன. இவையே மிசெல்கள். சோப்புக் கரைசலில் இத்தகைய திரள்கள் உண்டென்று 1913இல் மக்பெய்ன் என்னும் வேதியியலார் எடுத்துரைத்தார். உருண்டையின் உட்புறம் ஓர் எண்ணெய்த் துளி போன்றது அல்லவா? நீரில் கரையாத சாயம் அங்கே புகுந்துகொள்கிறது.

ஷாம்பூவில் சேர்க்கப்படும் சோடியம் டோடெசைல் சல்பேட்டைப் பார்ப்போம். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீருக்குச் சுமார் 2.3 கிராம் சேர்ந்த பிறகே அது மிசெல்லாகத் திரளும். இவ்வளவு ஏன்? அதன் தலைகள் எல்லாம் எதிர்மின்சுமை உடையவை, ஒன்றையொன்று தள்ளும். மின்சுமையற்ற தலைகொண்ட வேறொரு பொருளைக் கலந்தால், அந்தத் தலைகள் இடையிடையே அமர்ந்து தள்ளுதலைக் குறைத்துவிடும். சண்டையிடும் இருவருக்கு நடுவே அமைதியான ஒருத்தியை உட்கார வைக்கும் எங்கள் சிஸ்டரின் உபாயம்தான் நினைவுக்கு வருகிறது! ஆகவே கலப்பு மிசெல்கள் குறைந்த அளவிலேயே உருவாகின்றன. பல சாயங்களைக் கூடுதலாகவும் கரைக்கின்றன. ஆனால் எதையும் எதோடும் கலக்கலாகாது. நேர்மின்சுமைத் தலை உடையதைச் சேர்த்தால் இரண்டும் பிணைந்து வீழ்படிவாகிவிடக்கூடும்.

சாயப்பட்டறையில் அளவு மிக முக்கியம். மிசெல்கள் மிகுந்துபோனால் சாயத்தில் ஒரு பங்கு நூலுக்குப் போகாமல் அவற்றுள்ளேயே தங்கிவிடும். நூல் வெளிறிப்போகும், சாயம் கழிவுநீரோடு போகும். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரூடே ஓடும் திருமணிமுத்தாறு, சாயக்கழிவாலும் சாக்கடையாலும் கெட்டதை நாம் அறிவோம். நாமக்கல் மாவட்டத்தில் அது காவிரியோடு கலக்கிறது. நிறமேறிய நீரில் வெயில் ஆழமாக இறங்காது. நீர்த்தாவரங்களின் ஒளிச்சேர்க்கை குன்றும்.

அந்தக் கழிவுநீரைத் தெளியவைக்கவும் மிசெல்களே உதவும் என்பது எங்களுக்கு வியப்பளித்தது. சாய மூலக்கூறு தனியாக இருந்தால் வடிகட்டும் சவ்வின் துளையில் நழுவிவிடும். மிசெல்லுக்குள் இருந்தால் நழுவ முடியாது. மிசெல்லில் சேராத தனி மூலக்கூறுகள் மட்டும் நீரோடு தப்பிச் செல்லும். கலப்பு மிசெல்லில் அப்படித் தப்புபவை குறைவு.