வெளியூர் ஆட்டம் பார்த்துத் திரும்பும் இளையோருக்கு

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் நீலச் சட்டையோடு முதன்முறை பெங்களூருக்கோ கொச்சிக்கோ கொல்கத்தாவுக்கோ போய்வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! எப்படிப் போவது என்று சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. திரும்பி வந்து வீட்டிலும் வேலையிலும் எப்படிப் பொருந்துவது என்று சொல்பவர் குறைவு. நான் பார்த்த வரையில், ஒரு ரசிகரின் அடுத்த பயணம் முடிவாவது ஊர் திரும்பிய மறுநாள்தான். அதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

1. திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஆட்டம் பெரும்பாலும் இரவு 7.30க்குத் தொடங்கி 9.30 வாக்கில் முடியும். பெங்களூரில் கண்டீரவா மைதானத்துக்குப் பக்கத்திலேயே கப்பன் பார்க் மெட்ரோ இருக்கிறது. இரவு மெயில் ரயிலைப் பிடித்துவிட்டால் விடிவதற்குள் சென்ட்ரல் வந்துவிடலாம். கொச்சி அவ்வளவு கிட்டத்தில் இல்லை. கொல்கத்தாவிலிருந்து கோரமண்டல் ரயிலில் வந்தாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். தூரத்துக்கு ஏற்ற விடுப்பைப் புறப்படும் முன்பே, உண்மையான காரணம் சொல்லி எழுதிக் கொடுங்கள். வந்தபின் காய்ச்சல் என்று போடும் விடுப்பின் சுமை, உங்களோடு வேலை செய்பவர் தலையில்தான் இறங்கும்.

2. தூங்காத கண்ணோடு வண்டி ஓட்டாதீர்கள். ரயிலில் இரவெல்லாம் பாடிக்கொண்டு வந்துவிட்டு, நிலையத்தில் நிறுத்திய பைக்கை எடுக்க வேண்டாம். மெட்ரோவிலோ பஸ்ஸிலோ வீட்டுக்குப் போங்கள். பைக்கை மாலையில் எடுத்துக்கொள்ளலாம்.

3. தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். தொண்ணூறு நிமிடம் கத்திய தொண்டைக்கு ஓரிரு நாள் அமைதி வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். உப்பு நீரில் கொப்பளியுங்கள். குரல் கம்மியிருக்கும்போது குசுகுசுவென்று பேசுவதும் சிரமம்தான், குறைவாகப் பேசுவதே மருந்து. இரண்டு மூன்று வாரமாகியும் குரல் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

4. வந்த அன்றே வீட்டு வேலையில் கை வையுங்கள். நீங்கள் கேலரியில் நின்றபோது அம்மாவுக்கு மருந்து வாங்கியவர் யார்? பிள்ளையைப் பள்ளியில் விட்டவர் யார்? அந்த வேலையை அடுத்த சில நாள் நீங்கள் செய்யுங்கள். ஆட்டத்தின் கதையை அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். அதற்கு முன், நீங்கள் இல்லாத நாட்களில் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

5. கணக்கை உடனே முடியுங்கள். டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு என்று யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டுமோ, மறுநாளே தந்துவிடுங்கள். கூட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், சம்பாதிப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாக ஏற்றுக்கொள்ளுங்கள். தோல்வியால் எந்த ரசிகர் குழுவும் உடைந்து நான் பார்த்ததில்லை. தீராத சில்லறைக் கணக்கால் உடைந்ததுண்டு.

6. முடிவை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 2015 டிசம்பரில் வெள்ளத்தால் நம் சொந்த ஊர் அரையிறுதியே புனேவுக்குப் போனது. அதே மாதம் ஃபதோர்டாவில் நடந்த இறுதியாட்டத்தில், கடைசி நிமிடங்களில் 2-1 எனப் பின்தங்கியும் கோவாவை 3-2 என்று வென்றோம். 2018 மார்ச்சில் கண்டீரவாவில் நடந்த இறுதியாட்டத்தில் பெங்களூரு அணியின் சேத்ரி முதல் கோலைப் போட்டார். நம் அணியின் மெய்ல்சனின் இரண்டு தலைமுட்டு கோல்களோடு மறுபடி 3-2, மறுபடி கோப்பை. அதற்கடுத்த பருவமே பட்டியலில் கடைசி இடம். அதற்கும் அடுத்த பருவம் மீண்டும் இறுதிக்கு வந்து, பார்வையாளர் இல்லாத மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றோம். ஏற்றமும் இறக்கமும் இவ்வளவு வேகமாக மாறும் விளையாட்டு இது. ஒரு தோல்விக்காக வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நியாயமில்லை.

7. எதிரணி ரசிகரை மறவாதீர்கள். கொச்சியின் கலூர் மைதானத்தில் வழி காட்டிய மஞ்சள் சட்டைக்காரருக்கு ஒரு வார்த்தை நன்றி அனுப்புங்கள். அவர்களைக் கேலி செய்யும் வீடியோக்களைப் பரப்பாதீர்கள். அவர்கள் சென்னைக்கு வரும்போது நல்ல சாப்பாட்டுக் கடையைக் காட்டி, ரயில் ஏற்றிவிடுங்கள்.

8. துணிமணியைக் கவனியுங்கள். ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பெயரும் எண்ணும் ஒட்டிய இடத்தில் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. பறையையும் பேனரையும் ஈரமாக மூட்டை கட்டி வைக்காதீர்கள்.

9. இடைப்பட்ட நாட்களில் உள்ளூர் ஆட்டம் பாருங்கள். அடுத்த பெரிய ஆட்டம் வரை வாரங்கள் வெறுமையாகத் தோன்றும். சென்னை லீக் ஆட்டங்களுக்குப் போங்கள். 2018இல் கோப்பை வென்ற அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ், வியாசர்பாடியில் வளர்ந்தவர். இந்திய மகளிர் லீக்கை 2019இல் வென்ற சேது எஃப்.சி., மதுரைக்காரர்களின் அணி. அடுத்த கணேஷ் இன்று ஆளில்லாத கேலரியின் முன்னால் ஆடிக்கொண்டிருக்கலாம். அவருக்கும் உங்கள் கைதட்டல் தேவை.

அணிக்காக ஊர் ஊராகப் போவது நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். வீட்டாரும் உடன் வேலை செய்பவர்களும் மனமார அனுப்பிவைக்கும் ரசிகரே நீண்ட காலம் அணியோடு நிற்கிறார். அப்படிப்பட்ட ரசிகராக இருங்கள்.